எபிஸ்கோபல் சபையின் உணவு வரிசையில் யார் வேண்டுமானாலும் நிற்கலாமா?

கேள்வி: மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்திருக்கிறேன். என் அறைக்கு அருகிலுள்ள எபிஸ்கோபல் தேவாலயத்தில் சனிக்கிழமைதோறும் மளிகைப் பொருள்களை இலவசமாகக் கொடுப்பதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். நான் இந்து. இத்தகைய சபைகள் ஊருக்குச் செய்யும் உதவிகள் எப்படிப்பட்டவை? போனால் மதத்தைப் பற்றிப் பேசுவார்களா?

பதில்: தயங்காமல் போங்கள். நியூஜெர்சியில் ஒரு சிறு நகரத்தின் எபிஸ்கோபல் சபையில், பதினொரு ஆண்டுகளாகச் சனிக்கிழமைக் காலைகளில் அரிசிப் பொட்டலங்களை எடுத்துக் கொடுக்கும் மேசைக்குப் பின்னால் நிற்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நான் திருநெல்வேலிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவன். சி.எஸ்.ஐ. எனப்படும், 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையும், அமெரிக்க விடுதலைப் போருக்குப் பிறகு இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்து 1789-இல் தனக்கென அமைப்பு வகுத்துக்கொண்ட எபிஸ்கோபல் திருச்சபையும் ஒரே ஆங்கிலிக்கன் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், இங்கு வந்த முதல் ஞாயிறே அந்தக் கதவைத் தட்டினேன். அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துப் பானையில் போட்டு, அதைக் கோயிலுக்குக் கொடுத்த கைப்பிடி அரிசி வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, இங்குள்ள உணவு அலமாரியில் அந்நியமாக எதுவும் தெரியவில்லை.

உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். எபிஸ்கோபல் சபையார் பயன்படுத்தும் 1979-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் ஞானஸ்நான உடன்படிக்கை என்றொரு பகுதி உண்டு. எல்லா மனிதரிடமும் கிறிஸ்துவைத் தேடி அவர்களுக்குப் பணி செய்வேன் என்றும், ஒவ்வொரு மனிதரின் கண்ணியத்தையும் மதிப்பேன் என்றும் சபையார் அதில் உறுதி சொல்கிறார்கள். நற்செய்தியைச் சொல்லாலும் வாழ்வாலும் அறிவிப்பேன் என்ற உறுதியும் அதே வரிசையில் இருப்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால், பசித்து வந்து நிற்பவரிடம் சமயம் பேசினால் அவர் மறுத்துப் பேச முடியாத நிலையில் இருப்பார் என்பதையும், அப்படிப் பேசுவது அவருடைய கண்ணியத்தைக் குலைக்கும் என்பதையும் இந்தச் சபையார் பெரும்பாலும் நன்கு உணர்ந்திருக்கிறார்கள். எங்கள் மேசையில் துண்டுப் பிரசுரம் வைப்பதில்லை. யாராவது கேட்டால் மட்டும் ஆராதனை நேரத்தைச் சொல்வோம். இதற்கு வெளியிலிருந்தும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. மத்திய அரசின் வேளாண்மைத் துறை வழங்கும் உணவுப் பொருள்களை விநியோகிக்கும் எந்தச் சபையும், அவற்றைப் பெறுவதற்கு ஜெபத்திலோ ஆராதனையிலோ கலந்துகொள்ள வேண்டும் என்று நிபந்தனை விதிக்கக் கூடாது.

எதையும் கேட்காமல் கொடுப்பது எவ்வளவு கடினமான வேலை என்பதை நான் கற்றுக்கொண்டது என் தவறு ஒன்றின் மூலம். சேர்ந்த இரண்டாம் ஆண்டில், வருகிறவர்களின் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நானே ஒரு படிவம் தயாரித்தேன். பெயர், முகவரி, வேலை, மாத வருமானம் என்று கட்டங்கள் போட்டு, பேனாவை நூலில் கட்டி வாசலில் வைத்தேன். வாரந்தவறாமல் வந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் அதைக் கையில் எடுத்தார். முகவரிக் கட்டத்தருகே பேனா நின்றது. சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டு, நூல் சிக்காமல் பேனாவைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, காலிப் பையை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர் தம் காரில் படுத்து உறங்குகிறவர் என்பது சபையில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. எங்கள் உதவிக்குரு அன்று மாலை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. படிவக் கட்டை எடுத்துவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் வாயால் கேட்டால் போதும் என்றார். முதியவர் பிறகு வரவில்லை. இன்றுவரை சனிக்கிழமைகளில் கதவு திறக்கும்போது என் கண்கள் அந்தப் பழுப்புக் கோட்டைத் தேடுகின்றன.

அரசுப் பொருள்கள் வரும் இடங்களில், வீட்டில் எத்தனை பேர், வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கிறதா என்று கேட்டு ஒரு கையொப்பம் வாங்கலாம். உங்கள் சொல்லையே பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள் என்பதால், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

இந்தப் பணி எவ்வளவு தூரம் விரிய முடியும் என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது, நியூயார்க்கின் செல்சி பகுதியில் ஒன்பதாம் அவென்யூவும் 28-ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில் உள்ள ஹோலி அப்போஸ்தல்ஸ் தேவாலயம். 1840-களில் கட்டப்பட்ட செங்கல் கோயில் அது. 1982 அக்டோபரில், ஏறத்தாழ முப்பத்தைந்து பேருக்கு மதிய உணவு பரிமாறி அங்கே சூப் கிச்சன் என்னும் இலவச உணவுக்கூடத்தைத் தொடங்கினார்கள். பின்னர் நாளொன்றுக்கு ஆயிரம் பேரையும் தாண்டும் அளவுக்கு அது வளர்ந்தது. 1990-இல் கட்டடத்தில் பெரும் தீ பிடித்துக் கூரை எரிந்த பிறகும் அவர்கள் உணவை நிறுத்தவில்லை. சீரமைப்பு 1994-இல் முடிந்தபோது, நீண்ட மர இருக்கைகளை மீண்டும் தரையில் பொருத்துவதில்லை என்று முடிவு செய்து, ஆராதனை நடக்கும் அதே கூடத்தில் மேசைகளைப் போட்டு மக்களை உட்கார வைத்தார்கள். நான் அங்கே போனது ஒரு குளிர்காலத் திங்கட்கிழமை. வண்ணக் கண்ணாடி வழியாக விழுந்த வெளிச்சம் தட்டுகளின் மேல் படிந்திருந்தது. கையுறையைக் கழற்றாமலே கரண்டியைப் பிடித்திருந்த ஒருவர், பக்கத்திலிருந்தவருக்குத் தம் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார். முந்தின நாள் காலை ஆராதனையில், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து பரிமாறப்பட்ட இடத்துக்கும் அந்த மேசைக்கும் இடையே சில அடி தூரம்தான் இருந்தது. எங்கள் ஊரில் கோயில் வளாகத்தில் பந்தி போட்டு எல்லோரும் ஒன்றாக உண்ணும் அசனம் எனக்கு நினைவுக்கு வந்தது. அது ஆண்டுக்கு ஒரு முறை. இவர்கள் திங்கள் முதல் வெள்ளி வரை நடத்துகிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோவின் புனித கிரிகோரி சபையில் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். நாத்திகக் குடும்பத்தில் வளர்ந்து, ஒருநாள் தற்செயலாக அந்தக் கோயிலுக்குள் நுழைந்து திருவிருந்தில் பங்குபெற்ற சாரா மைல்ஸ் என்பவர், 2000-ஆம் ஆண்டில் அங்கே உணவு விநியோகத்தைத் தொடங்கினார். காய்கறிகளையும் ரொட்டிகளையும் பீடத்தைச் சுற்றியே அடுக்கி வைத்துக் கொடுத்தார்கள். பொருள் வாங்க வந்தவர்களில் பலர் பின்னர் பொருள் கொடுப்பவர்களாக மாறினார்கள். இதை நான் எங்கள் சபையிலும் காண்கிறேன். இப்போது எங்கள் கிடங்கின் சாவியை வைத்திருக்கும் அம்மையார், முதலில் கைக்குழந்தையோடு வரிசையில் நின்றவர்.

உணவைத் தவிர வேறு உதவிகளும் உண்டு. அரசின் ஸ்நாப் உணவு உதவி அட்டையைக் கொண்டு சோப்பு, சலவைத் தூள், குழந்தைக்கான டயப்பர், மாதவிடாய்க்கான நாப்கின் ஆகியவற்றை வாங்க முடியாது. அதனால்தான் கலிஃபோர்னியாவின் வென்ச்சுரா நகரில் தோன்றிய ‘லாண்ட்ரி லவ்’ என்ற முயற்சியைப் பல எபிஸ்கோபல் சபைகள் ஏற்று நடத்துகின்றன. மாதத்தில் ஒரு மாலை, காசு போட்டுத் துணி துவைக்கும் கடைக்குப் போய், வருகிறவர்களின் இயந்திரங்களுக்கு நாங்கள் நாணயம் போடுகிறோம். துணி சுழலும் அரை மணி நேரத்தில் குழந்தைகள் வீட்டுப்பாடம் எழுதுவார்கள்; பெரியவர்களோடு நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். பள்ளிச் சீருடை சுத்தமாக இல்லாததால் பிள்ளையைத் திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டதாக ஒரு தாய் சொன்ன மாலையில்தான், சலவையைச் சிறிய உதவி என்று நினைத்துக்கொண்டிருந்த என் எண்ணம் மாறியது.

வெளியே அதிகம் தெரியாத இன்னோர் ஏற்பாட்டையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, திருவிருந்து ஆராதனையில் வேறு நோக்கம் குறிப்பிடாமல் விழும் காணிக்கையைக் குருவானவரின் பொறுப்பில், அறப்பணிக்காக ஒதுக்க வேண்டும் என்று எபிஸ்கோபல் திருச்சபையின் விதியிலேயே இருக்கிறது. மின் கட்டணம் கட்ட முடியாதவர், வேலைத் தேர்வுக்குப் போகப் பேருந்துக் கட்டணம் இல்லாதவர் ஆகியோருக்கு இந்த நிதியிலிருந்து உதவுவார்கள். பெரும்பாலும் பணத்தைக் கையில் தராமல், மின் நிறுவனத்துக்கோ வீட்டு உரிமையாளருக்கோ நேரடியாகக் காசோலை போகும். பெற்றவரின் பெயர் சபைக் கூட்டத்தில் வராது. உங்களுக்கு அப்படியொரு நெருக்கடி வந்தால், அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக் குருவானவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இந்த நிதி சிறியது. எல்லா மாதமும் எல்லோருக்கும் போதாது.

இத்தகைய பணிகளை ஊர் எப்போதும் வரவேற்கும் என்று எண்ண வேண்டாம். ஆரிகன் மாநிலக் கடற்கரையில் உள்ள புரூக்கிங்ஸ் நகரில், புனித தீமோத்தேயு எபிஸ்கோபல் சபை ஏழைகளுக்கு உணவளித்துவந்தது. கொரோனாக் காலத்தில் மற்ற சபைகள் நிறுத்திக்கொண்டதால் இவர்கள் நாள்களைக் கூட்டினார்கள். அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, குடியிருப்புப் பகுதிகளில் இலவச உணவை வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வழங்கக் கூடாது என்று நகராட்சி 2021-இல் சட்டம் போட்டது. சபையும் அதன் பேராயமும் 2022-இல் வழக்குத் தொடுத்தன. பசித்தவருக்கு உணவளிப்பது தங்கள் வழிபாட்டின் ஒரு பகுதி என்பது அவர்களுடைய வாதம். 2024 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் சபையின் பக்கம் தீர்ப்பளித்தது. அக்கம்பக்கத்தாரின் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. எங்கள் தெருவிலும் குப்பை, கூச்சல் பற்றிய புகார்கள் வந்ததுண்டு. விநியோகம் முடிந்ததும் தெருமுனை வரை நாங்களே பெருக்கத் தொடங்கிய பிறகு, புகார் சொன்ன வீட்டிலிருந்தே ஒருவர் துடைப்பத்தோடு வந்து சேர்ந்துகொண்டார்.

குறைகளும் உண்டு. எங்கள் தன்னார்வலர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அறுபதைக் கடந்தவர்கள். பாரவண்டி வந்தால் மூட்டை இறக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஒரு வாரத்துக்கு நாங்கள் கொடுப்பது மூன்று நாளுக்குத்தான் வரும். அதைப் பெற்றுக்கொண்டே ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ள வேண்டியிருப்பதைப் பார்க்கும்போது, கூலியும் வாடகையும் சரியாக இருந்திருந்தால் இந்த வரிசையே நீண்டிருக்காது என்ற வருத்தம் எனக்கு எழாமல் இருப்பதில்லை. அதற்காக வரிசையில் நிற்பவரைக் காத்திருக்கச் சொல்லவும் முடியாது.

சனிக்கிழமை போகும்போது கெட்டியான பைகள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கக் கால் மணி நேரம் முன்னதாகப் போனால் காய்கறி கிடைக்கும். சைவம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டின் இறைச்சிக்குப் பதிலாகப் பருப்பு, அரிசி, ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய் என்று மாற்றித் தருவார்கள். டின்னில் வரும் கொண்டைக்கடலை உப்பு நீரில் ஊறியிருக்கும். இரண்டு தண்ணீரில் அலசிவிட்டுத் தாளித்தால் சுண்டலுக்கு நன்றாக இருக்கும்.