உடைந்தது ஒரு சேடில், கேட்பது முழு கிட்டாரா?

கேள்வி: திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன், அதுதான் என் பிழைப்பு. சென்னையில் ஒரு கடையில் ஃபிளாய்ட் ரோஸ் வகைப் பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்குகளைக் கிட்டார் உடலில் பூட்டிப் பிடிக்கும், அசையும் பாகம்) உள்ள எலெக்ட்ரிக் கிட்டார் 62,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஓராண்டு வாரன்ட்டி. ஏழாவது மாதம் மூன்றாவது ஸ்ட்ரிங்கின் சேடில், அதாவது பிரிட்ஜில் அந்த ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சின்ன உலோகத் துண்டு, பிளந்துவிட்டது. படம் எடுத்துக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “10 கேஜ் ஸ்ட்ரிங் போட்டிருக்கிறீர்கள், வாரன்ட்டி செல்லாது” என்றார்கள் (கேஜ் என்பது ஸ்ட்ரிங்கின் தடிமன்). பிறகு “தேய்மானம்” என்றார்கள். கடைசியில் “இறக்குமதி செய்கிறவர்களிடம் ஸ்பேரே இல்லை” என்று முடித்துவிட்டார்கள். இரண்டு கல்யாண நிகழ்ச்சிகள் கைவிட்டுப் போயின. வேறு வழியில்லாமல் 2,800 ரூபாய்க்கு ஒரு டூப்ளிகேட் பிரிட்ஜ் வாங்கினேன். அளவு ஒத்துவராததால், பொருத்திக் கொடுத்தவர் மரத்தில் புதிதாகத் துளை போட்டார். இப்போது ட்யூனிங் நிற்பதே இல்லை. புது கிட்டாரும் ஒரு லட்சம் நஷ்டஈடும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் புது கிட்டார் கிடைப்பது கடினம். அந்தத் துளை விழாமல் இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

முதலில், நீங்கள் நுகர்வோர்தானா என்ற கேள்வி வரும். கச்சேரி செய்து சம்பாதிக்கிறவர், ஆகவே இது வணிக உபயோகம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் பக்கத்திலேயே எழுதுவார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(7) பிரிவு, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளை வணிக உபயோகமாகக் கருதுவதில்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கைச் சட்டக் கல்லூரியில் எல்லோரும் படித்திருப்போம். எதிர்த்தரப்பு நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம். அந்த வழக்கில் இயந்திரம் வாங்கியவர் தோற்றார். ஆனாலும் அதே தீர்ப்பில் டைப்ரைட்டர் வாங்கி அடுத்தவர்களுக்குத் தட்டச்சு செய்து கொடுத்துப் பிழைப்பவரும், கார் வாங்கித் தானே டாக்சி ஓட்டுபவரும் நுகர்வோர்தான் என்று விளக்கியிருக்கிறார்கள். டைப்ரைட்டர் இருக்கும் இடத்தில் கிட்டாரை வைத்துப் பாருங்கள், உங்கள் கதைதான். புகார் மனுவில் “பிழைப்புக்காக நானே வாசிக்கிறேன்” என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். நிறையப் பேர் அதை எழுத மறந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்து கடையின் மூன்று பதில்கள். மூன்றும் ஒரே கைபேசியில் அடுத்தடுத்து இருக்கின்றன, இதைவிட நல்ல சாட்சியம் உங்களுக்கு அமையாது. கேஜ்தான் காரணம் என்றால் தேய்மானம் ஏன் வந்தது? இரண்டில் ஏதோ ஒன்று உண்மையாக இருந்தால், ஸ்பேர் இருக்கிறதா என்று யாரிடமும் கேட்க வேண்டிய வேலையே கிடையாதே. ஸ்பேர் இல்லை என்று சொன்னவர், இருந்திருந்தால் தந்திருப்பேன் என்றுதான் சொல்கிறார். நான் வாதாடினால் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

கேஜ் விவகாரத்துக்கும் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 9 கேஜ் செட்டின் மொத்த இழுவிசை 40 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 10 கேஜ் செட்டுக்கு 46, 47 கிலோ வரும். கூடும்தான், அதை ஈடுகட்டத்தான் பின்பக்க ஸ்பிரிங்குகளை முறுக்கும் ஸ்க்ரூவே வைத்திருக்கிறார்கள். ஸ்ட்ரிங் தேய்ந்தால் மாற்ற வேண்டிய பொருள், பைக்குக்கு டயர் மாதிரி. அதை மாற்றியதை “மாறுதல் செய்தார்” என்று சொல்ல முடியாது. ஆனால் வாரன்ட்டி அட்டையை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். இன்ன கேஜுக்கு மேல் போடக்கூடாது என்று அதில் அச்சாகியிருந்தால் நிலைமை வேறு, எனக்கு மறுபடி எழுதுங்கள்.

தேய்மானம் என்ற வார்த்தைக்கு வருவோம். இந்த வகைப் பிரிட்ஜில் ஸ்ட்ரிங்கின் நுனிக் குண்டை வெட்டிவிட்டு, ஒரு சின்னக் கட்டையை வைத்து ஆலன் ஸ்க்ரூவால் சேடிலுக்குள் இறுக்குவார்கள். காலப்போக்கில் தேய வேண்டிய இடம், பிரிட்ஜ் தாங்கி நிற்கும் கத்தி முனை. அங்கே தேய்ந்திருந்தால் கடைக்காரர் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கும். சேடில் பிளப்பது தேய்மானம் அல்ல. அது இரண்டில் ஒன்று: வார்ப்புக் கோளாறு, இல்லையென்றால் யாரோ ஆலன் கீயை அளவுக்கு மீறி முறுக்கியது. விலை குறைந்த பிரிட்ஜ்களில் துத்தநாகக் கலப்பு உலோகத்தை வார்த்துச் சேடில் செய்கிறார்கள். வார்ப்பு சரியில்லை என்றால் உடைந்த முகத்தில் ஊசிமுனை போன்ற பொத்தல்கள் தெரியும். முறுக்கியதால் உடைந்தது என்றால் ஸ்க்ரூவின் அறுகோணக் குழி உருண்டுபோயிருக்கும் அல்லது மரை கெட்டிருக்கும். இதை ஒரு கிட்டார் பழுதுபார்ப்பவர் பூதக்கண்ணாடி வைத்தே சொல்லிவிடலாம். நீங்களே அதிகமாக முறுக்கியிருந்தால், தயவுசெய்து இப்போதே உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

குறையை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரர் தலையில்தான். சோதனை செய்யாமல் தெரியாத குறை என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப அதே 2019 சட்டத்தின் 38-ஆம் பிரிவு நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. கிட்டார் சேடிலை எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று ஆணையமே யோசிக்கும். அதற்கு முன் நீங்கள் முந்திக்கொண்டு, அனுபவமுள்ள ஒரு பழுதுபார்ப்பவரின் அறிக்கையைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்வது நல்லது. துளை போட்டவரிடம் அதை வாங்க வேண்டாம்.

சரி, அந்தத் துளை. டூப்ளிகேட் பிரிட்ஜ் வாங்கியதில் தவறில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நஷ்டத்தைக் கணக்கிடும்போது அதைக் குறைத்துக்கொள்ள என்ன வழி இருந்தது என்றும் பார்க்கச் சொல்கிறது. நிகழ்ச்சிகளைக் காப்பாற்ற நீங்கள் எடுத்த வழி அது, ஆகவே 2,800 ரூபாயைத் தைரியமாகக் கேட்கலாம். மரத்தில் துளை போட்டது அப்படியில்லை. பிரிட்ஜைத் தாங்கும் இரண்டு திருகுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து பார்த்து வாங்கியிருந்தால் துளைக்கே வேலை வந்திருக்காது. இன்று ட்யூனிங் நிற்காததற்குக் கடைக்காரர் காரணமல்ல என்று ஆணையம் சொன்னால் என்னால் குறை சொல்ல முடியாது. உங்களைக் காப்பாற்றுவது தேதிதான். சேடில் உடைந்த படம் கடைக்குப் போன நாள் முந்தியது, துளை போட்ட நாள் பிந்தியது. அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் அச்செடுத்து, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், 2023-இன் 63-ஆம் பிரிவு மின்னணு ஆவணங்களுக்குக் கேட்கும் சான்றிதழோடு வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் அவ்வளவு கறார் இல்லை என்றாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது என்ன கேட்பது என்று பார்ப்போம். 2006-இல் ஒரு மாருதி கார் வழக்கில், பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் வாரன்ட்டி சொல்கிறது, ஆகவே முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் அட்டையிலும் அப்படித்தான் இருக்கும். அதனால் முதல் கோரிக்கை: அதே வகைப் பிரிட்ஜ் முழுதாக, பொருத்தும் கூலியோடு. அது தர முடியாவிட்டால், அதை வெளியில் வாங்கிப் பொருத்த ஆகும் பணம். ஸ்பேர் இல்லை என்பது வாரன்ட்டியிலிருந்து தப்பிக்கும் காரணமாகாது. தர முடியாத பாகத்துக்கு வாக்குக் கொடுத்ததே சேவைக் குறைபாடு. கைவிட்டுப் போன இரண்டு நிகழ்ச்சிகளின் சம்பளத்தை, முன்பணம் திருப்பிக் கொடுத்த ஜிபே ரசீது போல ஏதாவது இருந்தால் மட்டும் கேளுங்கள். மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை. ஒரு லட்சம் என்று போட்டால் மற்ற கோரிக்கைகளின் கனமும் குறையும்.

நண்பர்கள் யாராவது 2019 சட்டத்தின் “பொருள் பொறுப்பு” அத்தியாயத்தைக் காட்டியிருக்கலாம். அது உங்களுக்குப் பயன்படாது. பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தை அந்த அத்தியாயம் கணக்கில் எடுப்பதில்லை. பட்டை மாட்டும் குமிழ் பிடுங்கிக்கொண்டு கிட்டார் உங்கள் கால் எலும்பை முறித்திருந்தால் அந்தப் பக்கங்களைத் திறந்திருப்போம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். கூடவே கடைக்கும், பெட்டி மேல் பெயர் அச்சாகியிருக்கும் இறக்குமதியாளருக்கும் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து, புகார் கொடுக்கலாம். நீங்கள் வசிக்கும் ஊரில் வழக்குப் போட 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. பில்லின் அடியில் “சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டது” என்று இருந்தால் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. நுகர்வோர் ஆணையங்களுக்கான ஈ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி நிகழ்ச்சிக்கு முன்பணம் வாங்கிவிடாதீர்கள்.

உடைந்த சேடிலும் அதன் ஸ்க்ரூவும் இப்போது எங்கே இருக்கின்றன? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. துளை போட்டவரின் பழைய சாமான் டப்பாவில் கிடந்தால் இன்றைக்கே போய் வாங்கி, துடைக்காமல் ஒரு கவரில் போட்டு ஒட்டிவிடுங்கள். கடைக்காரர் “பார்த்துவிட்டுத் தருகிறோம்” என்று கேட்டால், கையெழுத்தும் தேதியும் போட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.