6 வருட டிஷ்வாஷரில் தண்ணீர் வெளியேறவில்லை: சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

சரிசெய்யுங்கள். ஆனால் மெக்கானிக் கேட்கும் 14,000 ரூபாய்க்கு இப்போதே சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்டிருப்பது இது: மயிலாடுதுறையில் வீடு, போர் தண்ணீர், மெஷின் வாங்கி 6 வருடம். கழுவி முடித்த பிறகும் அழுக்குத் தண்ணீர் அடியில் தேங்கி நிற்கிறது. வந்து பார்த்தவர் பம்ப், மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு இரண்டையும் மாற்றச் சொல்கிறார். புதிது 40,000 ஆகும். அம்மாவுக்கு விரல் மூட்டு வலி, அதனால் முடிவைத் தள்ளிப்போட முடியாது.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலும், நாகப்பட்டினத்தில் அக்கா வீட்டிலும் டிஷ்வாஷர் வாங்கினோம். எங்களுடையதைப் பழுது பார்த்துப் பார்த்து இன்னும் ஓட்டுகிறோம். அக்கா வீட்டில் மாற்றிவிட்டார்கள். இரண்டுமே சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். வித்தியாசம் வயதில் இல்லை, தண்ணீரில். நம் பக்கத்தில் இந்த மெஷினைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். எந்தத் தண்ணீர், எதைக் கெடுத்தது என்று தெரியாமல் புதிது வாங்கினால் புதிதும் அதே வழியில்தான் போகும்.

முதலில் தேங்கி நிற்கும் தண்ணீரைப் பார்ப்போம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு, துணியால் ஒற்றி எடுங்கள். அடியில் இருக்கும் ஃபில்டரைத் திருகிக் கழற்றினால் கீழே ஒரு குழி தெரியும். அதன் ஓரத்தில் உள்ள சின்ன மூடியை எடுத்தால் டிரெயின் பம்பின், அதாவது தண்ணீரை வெளியேற்றும் பம்பின் விசிறி. நம் சமையலில் புளிநார், கறிவேப்பிலைக் காம்பு, எலுமிச்சை விதை என்று எத்தனையோ போகிறது, எல்லாம் வந்து சிக்கும் இடம் அதுதான். உடைந்த கண்ணாடித் துண்டும் இருக்கலாம், வெறும் கையை விடாதீர்கள். ஒரு குச்சியால் விசிறியைத் திருப்பிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றாமல் விட்டு விட்டுத் திரும்பினால் பயப்பட வேண்டாம். உள்ளே காந்தம் இருப்பதால் நல்ல பம்பும் அப்படித்தான் திரும்பும். அசையவே இல்லை என்றாலோ, விசிறி தண்டோடு ஆடினாலோதான் கோளாறு.

பிறகு வெளியே போகும் ஹோஸ். மெஷினைச் சுவரோடு தள்ளியபோது மடங்கியிருக்கலாம். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுக்குள் வருவது நமக்குப் புதிதல்ல. மெஷினுக்கு அடியில் இருட்டும் கதகதப்பும் கிடைத்தால் அங்கேயே தங்கிவிடும், ஹோஸையும் வயரையும் கடிக்கும். ஹோஸ் கசிந்தால் தண்ணீர் அடித்தட்டில் சேரும். பல மாடல்களில் அங்கே ஒரு மிதவை உண்டு. அது மேலே எழுந்துவிட்டால் மெஷின் வேறு எதையும் செய்யாது, டிரெயின் பம்பை மட்டும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து "போர்டு போச்சு" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. மாற்ற வேண்டியது ஹோஸ் மட்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மெக்கானிக்கிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: தண்ணீரை வெளியேற்றும் நேரத்தில் பம்பின் முனைக்குக் கரன்ட் வருகிறதா? வந்தும் பம்ப் சுற்றவில்லை என்றால் பம்ப் மட்டும் போதும், போர்டைத் தொட வேண்டாம். வரவில்லை என்றால் வயரையும் போர்டையும் பார்க்கட்டும். இது மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கும் சின்ன வேலை, ஆனால் கரன்ட் ஓடும்போது பார்ப்பதால் அவர்தான் செய்ய வேண்டும். மீட்டரை எடுக்காமலே இரண்டையும் மாற்றச் சொல்பவருக்கு உங்கள் பணத்தில் அக்கறை இல்லை. போர்டுதான் என்று உறுதியானாலும், தஞ்சாவூர், திருச்சியில் இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின் போர்டு பார்க்கும் கடைகளில் காட்டுங்கள். ஒரு ரிலேயோ கெப்பாசிட்டரோ மாற்றினால் சரியாகிவிடும் போர்டுகள் நிறைய. ஐப்பசி, கார்த்திகை மழையில் இடியும் கரன்ட் வெட்டுமாகத்தான் இருக்கும். அந்த நேரம் பிளக்கைப் பிடுங்கி வைப்பதே போர்டுக்குப் பெரிய பாதுகாப்பு.

இனி தண்ணீர். திருவையாறு, கும்பகோணம் பக்கம் ஆற்றங்கரை ஊர்களில் நிலத்தடி நீர் பெரும்பாலும் குடிக்கும்படி இருக்கும். கிழக்கே தரங்கம்பாடி, நாகை, வேதாரண்யம் என்று கடலை நெருங்க நெருங்க உப்பு ஏறும். நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று. கடினநீர் வேறு, உப்புநீர் வேறு. கடினநீரில் இருப்பது கால்சியமும் மக்னீசியமும். கண்ணாடி டம்ளரில் வெள்ளைத் திட்டு, ஹீட்டரில் சுண்ணாம்புப் படிவு, தண்ணீர் பீய்ச்சும் கையின் துளைகளில் அடைப்பு, எல்லாம் அதனால். மெஷினுக்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்னர் இதைப் பிடித்துவிடும், அதற்கென்று விற்கும் உப்பைத் தீராமல் போட்டுவந்தால். சமையல் உப்பைப் போடக்கூடாது, கட்டியாகாமல் இருக்க அதில் சேர்க்கும் பொருள் சாஃப்ட்னரை அடைத்துவிடும்.

உப்புநீரில் வருவது குளோரைடு. சாஃப்ட்னரால் அதை ஒன்றும் செய்ய முடியாது, அப்படியே உள்ளே போய் ஸ்டீல் தொட்டியை ஊசி ஊசியாக அரிக்கும். அக்கா வீட்டில் நடந்தது இதுதான். பம்பும் ஹீட்டரும் நன்றாக இருந்தும் தொட்டியின் அடி ஓரத்தில் துளை விழுந்து ஒழுக ஆரம்பித்தது. தொட்டி போனால் மெஷின் போனது. அதற்குப் பிறகு 1,000 ரூபாய் செலவு செய்தாலும் வீண். புது மெஷினுக்கு அவர்கள் போர் தண்ணீரைக் கொடுக்கவில்லை, கொள்ளிடத்திலிருந்து வரும் குடிநீர்க் குழாயின் தொட்டியிலிருந்து தனி லைன் இழுத்தார்கள். ஒரு முறை கழுவ 10 முதல் 15 லிட்டர்தான் செலவாகிறது, குடிநீரைக் கொடுக்கிறோமே என்று மனம் உறுத்த வேண்டாம். அம்மா குழாயடியில் உட்கார்ந்து தேய்த்தால் அதைவிட அதிகம் போகும், விரலும் போகும்.

அதனால் பணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டியின் மூலைகள், கதவின் கீழ் ஓரம், ஃபில்டரைச் சுற்றிய இடம் மூன்றையும் நன்றாகப் பாருங்கள். தேய்த்தால் போகும் பழுப்பு நிறம் தண்ணீரில் உள்ள இரும்பாகவோ, துருப்பிடித்த கத்தியிலிருந்து வந்ததாகவோ இருக்கலாம். தேய்த்தும் போகாத கரும்புள்ளியும் குழியும் இருந்தால் பழுது பார்க்க வேண்டாம், புதிதுக்குப் போங்கள். சுத்தமாக இருந்தால் 6 வருடம் ஒரு வயதே இல்லை.

தண்ணீரையும் சோதித்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கடினத்தன்மையும் குளோரைடும் தனித்தனியாகச் சொல்வார்கள். கையில் வைத்துப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் காட்டும், அதை வைத்து சாஃப்ட்னரை அமைக்க முடியாது. குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை என்கிறது. மெஷினில் சாஃப்ட்னருக்கு வைக்கும் அளவு ஜெர்மன் டிகிரியில் (கடினத்தன்மையை அளக்கும் இன்னொரு அலகு) இருந்தால், ஆய்வக எண்ணை 17.8 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் சித்திரை, வைகாசியில் தண்ணீரின் கடினத்தன்மை ஏறும், ஜூனில் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடிய பிறகு இறங்கும். கோடையில் எடுத்த அளவையே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

தொட்டி அரித்துப்போவதைத் தவிர இன்னும் இரண்டு சூழலில் நானும் மாற்றத்தான் சொல்வேன். ஒன்று, உதிரிபாகம் கம்பெனியிலேயே நின்றுபோன மாடல். இன்னொன்று, ஹீட்டரும், கழுவும் தண்ணீரைச் சுற்றவிடும் சுழற்சிப் பம்பும் ஒரே பாகமாக இருக்கும் மாடலில் அந்தப் பாகமும் போர்டும் சேர்ந்து போவது. மொத்தச் செலவு புதிதின் விலையில் பாதியை நெருங்கிவிடும்.

உங்களுக்கு அப்படித் தெரியவில்லை. தொட்டி நன்றாக இருந்து, பம்ப்தான் கோளாறு என்று உறுதியானால் பம்பை மட்டும் மாற்றுங்கள். பம்ப் எவ்வளவு, போர்டு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். புதுப் பாகத்துக்கு எத்தனை மாதம் உத்தரவாதம் என்பது பில்லில் இருக்கட்டும், கழற்றிய பழைய பம்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பில் தர மறுத்தாலோ, மாற்றாததை மாற்றியதாகச் சொன்னாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.