நூறு புள்ளி சேருமா? தென்னாப்பிரிக்க வேலை விசா: கேள்வி பதில்

ஜோகன்னஸ்பர்க்கில் வெளிநாட்டு ஊழியர்களின் விசா கோப்புகளைப் பார்ப்பது என் அன்றாட வேலை. தென்னாப்பிரிக்க உள்துறை 2024 அக்டோபரில் அரசிதழில் வெளியிட்ட புள்ளி முறை பற்றியும், அடுத்து வரப்போவதாகப் பேசப்படும் மாற்றங்கள் பற்றியும் வாசகர்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். பதிலுக்கு முன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

வேண்டியது 100 புள்ளி. உங்கள் தொழில் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பட்டியலில் (ஆள் தட்டுப்பாடு உள்ள தொழில்கள் என்று அரசு வெளியிடும் பட்டியல்) இருந்தால் அதற்கே 100. இல்லையென்றால் கூட்டிச் சேர்க்க வேண்டும். படிப்பு என்.க்யூ.எஃப் (தென்னாப்பிரிக்கக் கல்வித் தகுதி நிலை வரிசை) 9 அல்லது 10 என்றால் 50, 7 அல்லது 8 என்றால் 30. ஆண்டுச் சம்பளம் 9,76,194 ரேண்டுக்கு மேல் என்றால் 50; 6,50,796க்கும் அதற்கும் நடுவில் என்றால் 20. அனுபவம் 5 முதல் 10 ஆண்டு வரை 20, அதற்கு மேல் 30. வேலை தருவது 'நம்பகமான முதலாளி' திட்டத்தில் உள்ள நிறுவனம், அதாவது உள்துறை அந்தத் தகுதி கொடுத்த நிறுவனம் என்றால் 30. ஆட்சிமொழி ஒன்று தெரிந்தால் 10.

கேள்வி: அண்ணா, நான் பி.இ. மெக்கானிக்கல், 12 வருட அனுபவம். பிரிட்டோரியாவில் ஒரு கம்பெனி 7 லட்சம் ரேண்ட் தருகிறது. பட்டியலில் என் வேலை இல்லை என்கிறார்கள். தேறுமா?

படிப்புக்கு 30, அனுபவத்துக்கு 30, சம்பளத்துக்கு 20, ஆங்கிலத்துக்கு 10. மொத்தம் 90. பத்துப் புள்ளியில் நிற்கிறீர்கள், தம்பி. எனக்கு வரும் கோப்புகளில் பாதி இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், 'பட்டியலில் இல்லை' என்று யார் சொன்னது? பட்டியலை நீங்களே எடுத்து வரி வரியாகப் படியுங்கள். ஒப்பந்தத்தில் 'திட்ட ஒருங்கிணைப்பாளர்' என்று பொத்தாம்பொதுவாகப் பதவியை எழுதிவிடுவார்கள். செய்யப்போவது முழுக்கப் பொறியாளர் வேலையாக இருக்கும். வேலை உண்மையிலேயே பட்டியலில் உள்ளதுதான் என்றால், பதவிப் பெயரையும் பணி விவரத்தையும் அதற்கேற்பச் சரியாக எழுதித் தரும்படி கம்பெனியிடம் கேட்பதில் தவறில்லை. பொறியாளர் என்றால் எக்ஸா (தென்னாப்பிரிக்கப் பொறியாளர் கவுன்சில்) பதிவுக்கான வேலையையும் உடனே தொடங்குங்கள். செய்யாத வேலையை மட்டும் எழுதச் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, கம்பெனி நம்பகமான முதலாளி திட்டத்தில் இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். இருந்தால் 120 ஆகிவிடும். மூன்றாவது, எம்.இ. முடித்திருந்து அதைச் சொல்லாமல் விட்டீர்களா? முதுகலை 9ஆம் நிலைக்கு மதிப்பிடப்பட்டால் 30 என்பது 50 ஆகும், கணக்கு 110. சம்பளத்தை ஏற்றிக் கேட்பதை நான் கடைசியில்தான் வைப்பேன். ஏழு லட்சம் தருகிற இடம் சட்டென்று பத்து லட்சம் தராது.

கேள்வி: சம்பளத்தைக் காகிதத்தில் மட்டும் 9,80,000 என்று போட்டுக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மாதாமாதம் கையில் திருப்பித் தரச் சொல்கிறார் முதலாளி. எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்களாமே?

எல்லாரும் செய்யவில்லை. நீங்களும் செய்யாதீர்கள். வாங்காத சம்பளத்துக்கு வரி உங்கள் பேரில் போகும். புதுப்பிக்கும்போது வங்கி அறிக்கையும் வரிக் கணக்கும் கேட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், அவர் இல்லை. அந்த முதலாளியிடமே போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: பி.இ. படிப்புக்குச் சாக்வா (வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் தென்னாப்பிரிக்க அமைப்பு) 7ஆம் நிலை போடுமா, 8 போடுமா? நண்பர்களுக்குள் பெரிய வாக்குவாதம்.

எது போட்டாலும் 30தான். வாக்குவாதத்தை விட்டுவிட்டு இன்றே சாக்வாவுக்கு விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழகம் சரிபார்ப்புக்குப் பதில் எழுதத் தாமதிக்கும். வேலைக் கடிதம் வந்தபின் இதைத் தொடங்கினால் கடிதமே காலாவதியாகிவிடும். இதை ஆயிரம் பேரிடம் சொன்னாலும் மறுபடியும் சொல்வேன்: முதலில் சாக்வா, அப்புறம் மற்றதெல்லாம்.

கேள்வி: நான் டிப்ளமோ, 15 வருட அனுபவம், சம்பளம் 6,60,000. என் புள்ளி?

டிப்ளமோ 7ஆம் நிலையைத் தொடாவிட்டால் படிப்புக்குப் புள்ளி இல்லை. 30, 20, 10. மொத்தம் 60. நம்பகமான முதலாளி என்றாலும் 90தான். பட்டியலில் உள்ள தொழிலாக இருந்தால் மட்டுமே வழி உண்டு.

கேள்வி: தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தில் தமிழின் பெயர் இருக்கிறது. அப்படியென்றால் தமிழ் தெரிந்தவருக்கு அந்த 10 புள்ளி உண்டா?

இல்லை. 1996 அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவில் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது எல்லாம் பெயர் சொல்லி வருகின்றன. ஆனால் இங்கே சமூகங்கள் பேசும் மொழிகள், இவற்றை வளர்க்க வேண்டும், மதிக்க வேண்டும் என்ற வகையில்தான். ஆட்சிமொழிகள் தனி. 2023இல் சைகை மொழி சேர்ந்தபின் அவை 12. ஆங்கிலம் தெரிந்தால் உங்களுக்கு 10 கிடைத்துவிடும்.

இதற்கு டர்பனிலிருந்து ஒரு ஐயா: 1897இல் நேட்டால் அரசு (டர்பன் இருந்த அன்றைய பிரிட்டிஷ் காலனி) இந்தியர்களைத் தடுக்க மொழித் தேர்வுதான் வைத்தது. இன்றும் மொழிக்குப் புள்ளியா? இதை நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்.

ஐயா சொல்வது உண்மை. 1897 குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 'இந்தியர்' என்று எங்கும் எழுதவில்லை. ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிய வேண்டும் என்று மட்டும் வைத்தது, வேலை முடிந்தது. ஒப்பந்தக் கூலிகளுக்கு அந்தத் தேர்வு கிடையாது. கரும்புத் தோட்டத்துக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். சொந்தச் செலவில் வந்த வணிகர்களையும் எழுத்தர்களையும் தடுக்கத்தான் அது. 1901இல் ஆஸ்திரேலியாவும் இதே உத்தியைத்தான் கையில் எடுத்தது.

ஆனால் இரண்டையும் ஒன்றாக வைக்க என்னால் முடியவில்லை. அன்று தேர்வில் தோற்றவர் கப்பலிலிருந்தே இறங்க முடியாது. இன்று அந்தப் பத்து இல்லாமலே 100 சேரும். சூலுவோ கோசாவோ தெரிந்தாலும் அதே பத்துதான். எனக்குக் கவலை தருவது சம்பள வரிசை. நல்ல செவிலியர், நல்ல ஆசிரியர் பலர் 6,50,796ஐ எட்டமாட்டார்கள்.

அதே ஐயா மீண்டும்: சாட்ஸ்வொர்த்தில் என் தங்கை மகன் பொறியியல் முடித்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். எங்கள் பாட்டன் 1860களில் கூலியாக வந்தவர். ஊரிலிருந்து ஆள் இறக்க நீங்கள் வழி சொல்லிக் கொடுக்கிறீர்கள். அவனுக்கு யார் வழி சொல்வது?

இதன் பிறகு எனக்கு வந்த செய்திகளில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான். ஐயாவைத் திட்டி எழுதியவர்களுக்கு: வேலையின்மை 30 சதவீதத்துக்கு மேல் உள்ள நாட்டில் அவர் கேட்பது நியாயமான கேள்வி. ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியதற்காக மூன்று பவுன் தலைவரி கட்டி, அதை எதிர்த்து 1913இல் வேலைநிறுத்தம் செய்து, சிறை போய் இங்கே நிலைத்த குடும்பங்கள் அவை. போன வருடம் விமானத்தில் வந்திறங்கிய நாம் அவர்களிடம் குரலை உயர்த்தக் கூடாது.

ஐயாவுக்கு: 5 ஆண்டு அனுபவம் இல்லாதவருக்கு அனுபவப் புள்ளியே கிடையாது. 6,50,796 என்பது உள்துறையின் கணக்குப்படி இடைநிலை வருமானத்தைப் போல இரண்டு மடங்கு. குறைந்த சம்பளத்துக்கு வெளியாளை வைத்து உள்ளூர் ஆளை ஒதுக்கக் கூடாது என்றுதான் அந்த எல்லை. எனவே உங்கள் மருமகன் தேடும் முதல் வேலைக்குப் போட்டியாக இந்த விசாவில் ஒருவர் வருவது அரிது. ஆனால் ஒரு நிறுவனம் மூத்தவரை வெளியிலிருந்து கொண்டுவந்து, அவருக்குக் கீழே ஒரு இளைஞரைக்கூடப் பழக்காமல் விட்டால் உங்கள் கோபம் சரி. நான் பார்க்கும் கோப்புகளில் பயிற்சித் திட்டம் இருக்கிறதா என்று கேட்கிறேன். இனியும் கேட்பேன்.

கேள்வி: புது வெள்ளை அறிக்கை வந்திருக்கிறதே. எல்லாமே மாறப்போகிறதாம். அதுவரை காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். 2025 டிசம்பரில் வெளியானது திருத்திய வெள்ளை அறிக்கையின் வரைவு. புள்ளி முறையை விரிவாக்குவது, வெறும் ஆண்டுக் கணக்கை விட்டுத் தகுதியைப் பார்த்துக் குடியுரிமை தருவது என்று அதில் பேசியிருக்கிறார்கள். ஆனால் அது மசோதாவாகி, இரண்டு அவைகளும் தாண்டி, குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். வரைவு வேறு, சட்டம் வேறு. இன்று 100 இருந்தால் இன்றே போடுங்கள். வேலை விசாவில் தொடர்ந்து ஐந்து ஆண்டு இருந்து, நிரந்தர வேலையும் கையில் இருந்தால் நிரந்தர வதிவிடம் கேட்கும் வழி இப்போதைய சட்டத்தில் இருக்கிறது. அந்த ஐந்து ஆண்டை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது.

கேள்வி: கம்பெனி இடமாற்ற விசாவில் வந்தேன். நான்கு வருடம் முடியப்போகிறது. நீட்டிப்பார்களா?

நீட்டமாட்டார்கள். புது வேலை விசாவுக்கு உங்கள் புள்ளியை இப்போதே கணக்குப் போடுங்கள். சாக்வா எடுத்தாயிற்றா?

கேள்வி: மனைவி என்னோடு வந்தால் வேலை பார்க்கலாமா?

உடன் வரும் விசாவில் முடியாது. அவர் பேரில் தனி வேலை விசா வேண்டும்.

கேள்வி: பிரிட்டன் புள்ளி முறையும் மாறுகிறதாமே?

2025 ஜூலை 22 முதல் பட்டப்படிப்பு நிலை வேலை, பொதுவாக 41,700 பவுன் சம்பளம் என்று ஏற்றிவிட்டார்கள். மற்றதை அந்நாட்டு விதிகள் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் கோவிலுக்கு ஊரிலிருந்து குருக்கள் ஒருவரை அழைக்க வேண்டும். புள்ளி எப்படிச் சேர்ப்பது?

கோவில் தரும் சம்பளத்தில் இந்த அட்டவணை உதவாது. சமயப் பணிக்கு எந்த விசா பொருந்தும் என்பதைக் குடிவரவு வழக்கறிஞர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சுற்றுலா விசாவில் அழைத்துவந்து பூஜை செய்யவைக்காதீர்கள். பிடிபட்டால் நாட்டைவிட்டு அனுப்பப்படுவது அந்தக் குருக்கள்.

கேள்வி: பி.டெக், 8 வருடம், 7,20,000. என் புள்ளி?

கேள்வி: எம்.எஸ்.சி, 6 வருடம், 6,80,000. என் புள்ளி?

கேள்வி: பி.இ., 11 வருடம், 10 லட்சம். என் புள்ளி?

மேலே கணக்கு இருக்கிறது. 80, 100, 120. மூன்றும் ஆங்கிலத்தைச் சேர்த்து. முதுகலை 9ஆம் நிலை என்று சாக்வா சொன்னால்தான் அந்த 100. இனி புள்ளி கூட்டித் தரச் சொல்லும் கேள்விகளுக்குப் பதில் போடமாட்டேன். ஒரு தாளில் ஐந்து வரி எழுதினால் நீங்களே கூட்டிவிடலாம்.

கேள்வி: சென்னையில் ஒரு ஏஜெண்ட் 3 லட்சம் கொடுத்தால் நம்பகமான முதலாளி புள்ளி 30ஐ வாங்கித் தருகிறேன் என்கிறார். முன்பணம் நாளைக்குக் கட்ட வேண்டும்.

கட்டாதீர்கள். அந்தத் தகுதி நிறுவனத்துக்கு உள்துறை கொடுப்பது. தனி ஆள் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. அவர் சொல்லும் நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள், அந்த நிறுவனத்தின் ஜோகன்னஸ்பர்க் அலுவலகத் தொலைபேசி எண்ணை நீங்களே தேடிப் பேசுங்கள், வேலைக் கடிதம் அவர்கள் கொடுத்ததுதானா என்று உறுதி செய்யுங்கள். நாளைக்குள் அவர்கள் பதில் சொல்லாவிட்டாலும் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.