அப்பா நாலாவது முறையும் சுயேச்சையாக நிற்கிறார்: தடுக்க வேண்டுமா?

வணக்கம். மூன்று முறை டெபாசிட் போன பிறகும் அப்பா மறுபடி சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போகிறார், எப்படித் தடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். மேட்டூர் பத்மராஜன் 1988 முதல் நின்று தோற்றுக்கொண்டே வருகிறார். சாதாரண மனிதனும் நிற்கலாம் என்று காட்டுவதே அவர் நோக்கம். உங்கள் அப்பாவுக்கும் ஒரு காரணம் இருக்கும். முதலில் உட்கார்ந்து அதைக் கேளுங்கள்.

பணத்துக்கு மட்டும் கறாராக வரம்பு போடுங்கள். டெபாசிட் 10,000 ரூபாய் (பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 5,000). செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் தோற்றவருக்குத் திரும்பக் கிடைக்கும். வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை வேறு. முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். தோற்ற அலுப்பில் இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தக்க காரணம் இல்லாமல் விட்டால் தேர்தல் ஆணையம் 3 ஆண்டு தகுதி நீக்கம் செய்யும். எனவே தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும்; நோட்டீஸ் அடித்தது, ஆட்டோ வாடகை, மைக் செட் என்று ஒவ்வொரு ரசீதும் ஒரே ஃபைலில். அந்தப் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். போன தடவை கணக்குக் கொடுத்தாரா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.