வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் பள்ளியில் ஏன் சாப்பாடு?

அனைவருக்குமான பள்ளி உணவு என்றால் வேறொன்றும் இல்லை, ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ் எதுவும் கேட்காமல் அந்தப் பள்ளியில் படிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் தட்டு வைப்பது. ஏழைக்கு மட்டும் போட்டால் போதாதா? போதாது. பேர் வாசித்து இருபது பேரை மட்டும் சாப்பிடப் போகச் சொல்லிப் பாருங்கள், பசியோடு இருக்கிற பத்து வயசுப் பையன்கூட ‘எனக்கு வேணாம் டீச்சர்’ என்று உட்கார்ந்துவிடுவான். கல்யாணப் பந்தியில் இலை போடும்போது மொய் எவ்வளவு என்று யாராவது கேட்கிறார்களா? அதே கணக்குதான்.

தமிழ்நாட்டில் காமராஜர் 1956-இல் தொடங்கிய மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாகப் பெரிதாக்கினார். 2022-இல் காலை உணவும் வந்தது. என்னைக் கேட்டால் இந்தக் காலை உணவுதான் பெரிய விஷயம், ஏனென்றால் அம்மாவும் அப்பாவும் ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடும் வீட்டில் காசு இருந்தாலும் அடுப்பு எரிந்திருக்காது, பிள்ளை இரண்டாவது பீரியடிலேயே பெஞ்சில் தலையைச் சாய்த்துவிடும் (இதை எந்தச் சான்றிதழும் காட்டாது).

அப்புறம், ‘சாப்பாட்டுக்காகத்தானே வருகிறார்கள்’ என்பவர்களுக்கு: ஆமாம், சிலர் அதற்காகத்தான் வருகிறார்கள், வந்தவர்கள் சாயங்கால மணி அடிக்கும் வரை வகுப்பில்தான் இருக்கிறார்கள்.