குளத்தைத் திருத்தக் காலநிலை நிதி கேட்டால் ஏன் கோப்பு திரும்பி வருகிறது?

கேள்வி: இலங்கை போன்ற நாடுகள் பசுமைக் காலநிலை நிதியத்திடம் பணம் பெற ஏன் இத்தனை ஆண்டுகள் எடுக்கின்றன? "ஆயத்த உதவி" என்று தனியாக ஒன்று கொடுக்கிறார்களே, அது எதற்கு? வவுனியாவில் உள்ள எங்கள் கமக்காரர் அமைப்பு நேரே விண்ணப்பிக்கலாமா?

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். நேரே விண்ணப்பிக்க முடியாது. உங்கள் அமைப்பால் மட்டுமல்ல, அங்கீகாரம் பெறாதவரை ஓர் அமைச்சாலோ திணைக்களத்தாலோகூட முடியாது. வளரும் நாடுகளின் காலநிலைத் திட்டங்களுக்குப் பணம் தரும் இந்த நிதியம் தென் கொரியாவின் சொங்டோவில் இருக்கிறது. அது தான் சோதித்து அங்கீகரித்த நிறுவனங்களின் கையில்தான் பணத்தைக் கொடுக்கும். 2010இல் கன்கூனில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் இதை அமைக்க முடிவானது. முதல் 8 திட்டங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது 2015 நவம்பரில். தாமதம் அதன் பிறவிக்குணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நாடுகளின் பக்கமும் தாமதம் நேர்கிறது. அதைக் குறைக்க, விண்ணப்பிக்க ஒரு நாட்டைத் தயார்படுத்தும் பணம்தான் ஆயத்த உதவி.

அது முழுக்க நன்கொடை, திருப்பிக் கட்டத் தேவையில்லை. 2023 வரை ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு 1 மில்லியன் டொலர் வரை கிடைத்தது. மாறும் காலநிலைக்கு ஏற்ப நாட்டைத் தயார்படுத்தும் தேசிய இசைவாக்கத் திட்டம் எழுதத் தனியாக 3 மில்லியன் வரை பெற முடிந்தது. 2024–2027 காலத்துக்கு ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டு, நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஒரு நாட்டுக்கு 7 மில்லியன் வரை என்று மாற்றினார்கள். பெரிய திட்டங்களோடு பார்த்தால் சில்லறைக் காசுதான். ஆனால் இதை எங்கே செலவழிக்கிறோம் என்பதில்தான் பின்னால் வரும் பெரிய காசின் விதி இருக்கிறது.

பெரும்பாலும் எங்கே போகிறது? வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் எழுதும் நூறு பக்க "நாட்டு நிகழ்ச்சித்திட்டத்துக்கு". அதில் ஒவ்வொரு அமைச்சும் தன் ஆசைப் பட்டியலைச் சேர்த்துவிடும். இருபது திட்டத் தலைப்பு இருக்கும், ஒன்றுக்காவது மழைத் தரவு இராது. ஒப்பந்தம் முடிந்ததும் ஆலோசகரோடு அறிவும் விமானம் ஏறிவிடும். என்னைக் கேட்டால், முதல் ஆயத்தப் பணத்தை மூன்று விடயங்களில்தான் போட வேண்டும்: வானிலைத் தரவு, அங்கீகாரம் பெறப்போகும் உள்ளூர் நிறுவனத்தின் கணக்கு நடைமுறை, அமைச்சில் நிலைத்திருக்கும் ஒரு சிறு செயலகம்.

செயலகம் ஏன்? ஒவ்வொரு நாடும் நிதியத்துடன் பேச ஓர் அதிகாரபீடத்தை நியமிக்க வேண்டும். இலங்கையில் அது சுற்றாடல் அமைச்சு. எந்தத் திட்டமும் ஒப்புதல் தரும் நிதியத்தின் சபைக்குப் போக, அந்த அதிகாரபீடத்தின் ஆட்சேபனையின்மைக் கடிதம் கட்டாயம். இங்கே சிரிப்பூட்டும் அளவுக்குச் சிறிய பிழைகள் மாதக்கணக்கைத் தின்னும். கையொப்பமிடும் செயலாளர் இடமாற்றம் பெற்றிருப்பார், புதியவரின் பெயரை நிதியத்துக்கு அறிவித்திருக்க மாட்டார்கள். பதிவில் இல்லாதவரின் கையொப்பத்தோடு போன கடிதம் திரும்பி வரும். எந்த அடிப்படையில், யாரைக் கலந்து அந்தக் கடிதம் வழங்கப்படுகிறது என்பதற்கு எழுதிவைத்த நடைமுறையும் இராது. கடிதம் கேட்பவருக்கெல்லாம் கொடுத்தால், ஒரே ஆற்றுப் படுகைக்கு இரண்டு நிறுவனங்கள் திட்டம் எழுதிக்கொண்டிருக்கும்.

அடுத்தது அங்கீகாரம். இரண்டு வழி உண்டு. ஐ.நா. அபிவிருத்தித் திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கி போன்ற சர்வதேச நிறுவனத்தின் வழியாகப் போகலாம். அல்லது உள்நாட்டு நிறுவனம் ஒன்று தானே அங்கீகாரம் பெற்று நேரடியாகப் போகலாம். அங்கீகாரம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்காது. திட்டத்தின் மொத்தப் பெறுமதி 10 மில்லியன் டொலர் வரை, 50 வரை, 250 வரை, அதற்கு மேல் என்று நான்கு தட்டு. சுற்றாடல் ஆபத்தில் ஏ (மிகக் கூடியது), பி, சி (மிகக் குறைந்தது) என்று மூன்று தரம். திட்ட முகாமை, மானியம் வழங்கல், கடன் கொடுத்தல் என்று நிதிப் பணிகளும் தனித்தனியாகச் சோதிக்கப்படும். சிறிய தட்டில் அங்கீகாரம் பெற்றவர் 60 மில்லியன் திட்டத்தைக் கொண்டுபோக முடியாது.

இங்கே உள்ளூர் நிறுவனங்கள் விழும் குழி ஒன்றுதான்: கொள்கைப் பத்திரம் இருக்கும், அது நடைமுறையில் இருந்ததற்குத் தடயம் இராது. போன மாதம் நிறைவேற்றிய பால்நிலைக் கொள்கையை யாரும் நம்பப்போவதில்லை. உள்ளகக் கணக்காய்வாளர், கொடுப்பனவில் ஒப்பமிடும் அதே தலைவருக்கு அறிக்கை கொடுத்தால் அங்கேயே கோப்பு நிற்கும். முறைப்பாட்டுப் பதிவேட்டைக் கேட்பார்கள். "இதுவரை ஒரு முறைப்பாடும் வரவில்லை" என்று பெருமையாக எழுதினால், முறைப்பாடு செய்ய வழியே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே பத்திரங்களைத் திருத்தியதும் விண்ணப்பிக்கக் கூடாது. ஓராண்டாவது அவற்றை ஓடவிட்டு, பெறுகைக் (கொள்முதல்) குழுக் கூட்டக் குறிப்பு, நிராகரித்த கேள்விப்பத்திரம் (டெண்டர்), தீர்த்த முறைப்பாடு என்று கையில் சான்று சேர்ந்த பிறகு போக வேண்டும்.

அங்கீகாரம் கிடைத்தால் காசு வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இந்தியாவின் விவசாய, கிராம அபிவிருத்தி வங்கியான நபார்டு 2015 ஜூலையில் அங்கீகாரம் பெற்றது. ஒடிசாவில் நிலத்தடி நீர் செறிவூட்டலுக்கும் சூரிய சக்திப் பாசனத்துக்குமாக நிதியத்திடம் 34 மில்லியன் டொலர் பெற்ற அதன் திட்டத்துக்கு ஒப்புதல் வந்தது 2017 ஏப்ரலில். நபார்டு அதற்கு முன்பே இசைவாக்க நிதியம் என்ற இன்னொரு காலநிலை நிதியத்தில் அனுபவம் உள்ள நிறுவனம். இலங்கையில் டிஎப்சிசி வங்கி அங்கீகாரம் பெற்றிருக்கிறது. ஆனால் குளம் திருத்துவது போன்ற மானியப் பணி ஒரு வணிக வங்கியின் வழமையான வேலையல்ல.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். உங்கள் பகுதிக்கு நேரே பொருந்துவதால் குளங்களையே எடுக்கிறேன். மல்வத்து ஓயா (கீழே வந்தால் நமக்கு அருவி ஆறு), மீ ஓயா, யான் ஓயா ஆகிய மூன்று படுகைகளில் குளத் தொடர்களைச் சீராக்கும் திட்டத்துக்கு 2016இல் நிதியம் 38 மில்லியன் டொலர் கொடுத்தது. அரசின் பங்கோடு மொத்தம் 52 மில்லியன். போனது ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் வழியாக. குளத்துக்குக் காலநிலைப் பணம் கிடைக்கும் என்பதற்கு அது சான்று. அப்படியென்றால் ஏன் மற்றவை திரும்புகின்றன?

"குளம் தூர்ந்துவிட்டது, தூர்வாரக் காசு தாருங்கள்" என்று எழுதுகிறார்கள். பரிசீலிப்பவர் ஒரே வரியில் கேட்பார்: "இது பராமரிப்பின்மை, காலநிலை எங்கே?" நியாயமான கேள்விதான். மழை மாறாமல் இருந்திருந்தாலும் அந்தக் குளத்தைத் தூர்வாரத்தான் வேண்டும். ஆகவே செலவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எப்படியும் செய்ய வேண்டியிருந்த பராமரிப்பு அரசின் இணை நிதியில் வரும். மழையின் போக்கு மாறியதால் கூடுதலாகத் தேவைப்படுவது நிதியத்திடம் கேட்கப்படும்: குறுகிய நேரத்தில் கொட்டும் மழையைத் தாங்க அகலப்படுத்தும் வான் (மிகைநீர் வழிந்தோடும் வாய்), நீளும் வறட்சிக்கு ஏற்ற நீர்ப் பங்கீடு, போகத்துக்கு முந்திய வானிலை அறிவுறுத்தல், மேற்குளத்தின் மரக்காப்பு.

அந்தக் "கூடுதல்" எவ்வளவு என்று காட்டத் தரவு வேண்டும். மாவட்டச் சராசரி மழை போதாது. படுகைக்குள் இருக்கும் நிலையங்களின் நாளாந்த மழை, குறைந்தது 30 ஆண்டுக்கு, விடுபட்ட நாள்களைக் குறித்துச் சரிபார்த்தது வேண்டும். ஆண்டு மொத்த மழையில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம். பெரும்போகம் தொடங்கும் நாள், தொடர்ந்து மழையற்ற நாள்களின் எண்ணிக்கை, ஒரே நாளில் கொட்டிய உச்ச மழை ஆகியவற்றில் மாற்றம் தெரியக்கூடும். அங்கேதான் வாதம் கட்ட வேண்டும். பல நாடுகளில் ஓர் அரச திணைக்களம் இன்னொன்றிடம் காசு கொடுத்துத்தான் இந்தத் தரவை வாங்குகிறது. ஆயத்தப் பணத்தில் அதை ஒருமுறை வாங்கி, கையெழுத்துப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிவிட்டால், அடுத்த பத்துத் திட்டங்களுக்கு உதவும்.

பொறியியல் பக்கமும் கேள்வி வரும். முழுக் குளத்தையும் ஆழமாகத் தோண்டினால் துருசின் (வயலுக்கு நீர் திறக்கும் மதகு) மட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் வயலுக்குப் பாயாது. அடியில் இறுகியிருக்கும் களிப்படை கிழிந்தால் நீர் கசிந்தும் போகும். கன அளவை மட்டும் காட்டி "இவ்வளவு கூடுதல் நீர்" என்று எழுதிய விண்ணப்பத்தை விடயம் தெரிந்தவர் ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவார். சுயாதீன தொழில்நுட்பக் குழு ஒன்று ஒவ்வொரு திட்டத்தையும் தனியாகப் பார்க்கிறது. அதில் இந்த ஆட்கள்தான் இருக்கிறார்கள்.

காலநிலை வாதம் தளர்ந்தால் பணம் எப்படிச் சுருங்கும் என்பதற்கு எதியோப்பியா நல்ல எடுத்துக்காட்டு. வறட்சிக்கான அதன் திட்டம் ஏறக்குறைய 100 மில்லியன் கேட்டு 2017 ஏப்ரலில் சபையில் தடைப்பட்டது. அது காலநிலைத் திட்டமா, வழமையான அபிவிருத்தியா என்பதே தகராறு. அதே ஆண்டு அக்டோபரில் 45 மில்லியனுக்கு ஒப்புதல் கிடைத்தது.

இணைப்புகளைப் பற்றியும் கொஞ்சம். சாத்தியப்பாட்டு ஆய்வு, பொருளாதாரக் கணக்கு, விரிவான பாதீடு, சமூக-சுற்றாடல் காப்பு, பால்நிலைச் செயற்றிட்டம், பெறுகைத் திட்டம் என்று பத்துக்கு மேல் போகும். வெவ்வேறு ஆட்கள் எழுதுவதால் பயனாளிகளின் எண்ணிக்கை ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்றாக இருக்கும். ஒரே குடும்பத்தைக் குளத்துக்கு ஒருமுறை, குடிநீருக்கு ஒருமுறை, கைத்தொலைபேசி வானிலைச் செய்திக்கு ஒருமுறை எண்ணியிருப்பார்கள். பால்நிலைச் செயற்றிட்டத்துக்குப் பாதீட்டில் ஒரு வரிகூட இராது. இணை நிதிக் கடிதத்தில் "கொள்கையளவில் உடன்படுகிறோம்" என்று இருந்தால் அது கணக்கில் சேராது. தொகை, நாணயம், காலம் மூன்றும் வேண்டும். காப்பு அறிக்கைகளை ஏ தரத்துக்கு 120 நாள், பி தரத்துக்கு 30 நாள் முன்னதாக, பாதிக்கப்படுவோருக்கு விளங்கும் மொழியில் வெளியிட வேண்டும். மன்னாரிலும் வவுனியாவிலும் அது தமிழ். இந்த மொழிபெயர்ப்பைக் கடைசி வாரத்தில் யாரோ ஒருவரிடம் தள்ளிவிடுவதால்தான் யாருக்கும் புரியாத தமிழில் அது வருகிறது.

இந்த ஆய்வுகளைச் செய்யவும் பணம் உண்டு. திட்டத் தயாரிப்பு வசதியில் ஒரு திட்டத்துக்கு 1.5 மில்லியன் டொலர் வரை கேட்கலாம். நிதியத்தின் பங்கு 25 மில்லியனுக்குள் அடங்கி, ஆபத்தும் மிகக் குறைவாக இருந்தால் எளிமையாக்கிய ஒப்புதல் வழி இருக்கிறது. பெயரில்தான் முழு எளிமை, ஆனாலும் பக்கங்கள் குறையும்.

ஒப்புதல் கிடைத்த பின்னும் சட்ட ஒப்பந்தம், முன்நிபந்தனைகள், ஆட்சேர்ப்பு என்று காலம் ஓடும். குளவேலைக்கு இதில் தனியாக ஒரு பொறி உண்டு. அணைக்கட்டிலும் துருசிலும் கைவைக்க முடிவது குளம் வற்றும் மாதங்களில் மட்டும். ஒக்டோபர் மழைக்குப் பிறகு பணம் வந்தால் அந்த ஆண்டு போனதுதான். பணவோட்ட அட்டவணையைப் போகத்தைப் பார்த்துப் போடாமல் காலாண்டைப் பார்த்துப் போடுவது நான் அடிக்கடி காணும் தவறு. நாணய மாற்றும் அடிக்கும்: 2022 மார்ச்சில் டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்தது மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ரூபாயில் உறுதியளித்த அரச பங்கு டொலர் கணக்கில் பாதியை நெருங்கிவிடும். அதை எப்படிச் சரிசெய்வது என்று முதலிலேயே எழுதிவைக்க வேண்டும்.

உங்கள் அமைப்புக்கு வருகிறேன். சொங்டோவைவிட உங்களுக்குப் பொருந்துவது உலக சுற்றாடல் வசதி என்ற சர்வதேச நிதியத்தின் சிறு மானியத் திட்டம். சமூக அமைப்புகளுக்கு நேரே, வழமையாக 50,000 டொலர் வரை கொடுக்கும். இலங்கையிலும் இயங்குகிறது. அதற்கும் சரி, நாளை ஒரு பெரிய திட்டம் உங்கள் படுகைக்கு வரும்போதும் சரி, இன்று முதல் ஒரு கொப்பி வைத்திருங்கள்: ஒவ்வொரு போகமும் விதைத்த ஏக்கர், அறுவடை செய்த ஏக்கர், கிழமைக்கு ஒருமுறை துருசடி நீர்மட்டம், வான் பாய்ந்த நாள், அணை உடைந்த நாள், பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர், என்ன முடிவு. திட்டம் எழுத வருபவர் எந்தத் திணைக்களத்திலும் கிடைக்காமல் தேடும் தரவு இதுதான்.