கரன்ட்டைக் கூட்டினால் டீப் யுவி எல்இடியின் திறன் கூடுமா?

கேள்வி: சிறிய அளவில் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி செய்து விற்கிறேன் ஐயா. பாதரச விளக்கை விட்டு 275 நானோமீட்டர் டீப் யுவி (கிருமி கொல்லும் புற ஊதா) எல்இடிக்கு மாறினேன். ஒரு எல்இடி 0.6 வாட் இழுக்கிறது. வெளியே வருவது 15 மில்லிவாட்தான் என்கிறார்கள். மீதி எங்கே போகிறது? கரன்ட்டைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். மீதியெல்லாம் சூடாகப் போகிறது. கூட்டினால் சூடு ஏறி ஆயுள்தான் குறையும். நீங்கள் சொல்லும் கணக்கு 2.5 சதவீதம். இந்த வகை எல்இடிக்கு இது வழக்கமான அளவுதான், பழுதில்லை.

குறை சிப்புக்குள் இருக்கிறது. அலுமினியம் காலியம் நைட்ரைடு படிகத்தைச் சஃபையர் மீது வளர்க்கிறார்கள். இரண்டின் அணு அடுக்கும் பொருந்தாததால் படிகமெங்கும் பிசகுகள். போதாததற்கு, மின்தொடர்புக்காக வைக்கும் காலியம் நைட்ரைடு அடுக்கு புற ஊதாவை விழுங்குகிறது. ஒளி ஊடுருவும் அடுக்கும் ஒளியைத் திருப்பும் மின்முனையும் வைத்து, ஜப்பானின் ரிக்கென், பானாசோனிக் ஆய்வாளர்கள் 2017-ல் 275 நானோமீட்டரில் 20 சதவீதக் குவாண்டம் திறனை (செலுத்தும் எலக்ட்ரான்களுக்கு எத்தனை ஒளித்துகள் வெளியே வருகிறது என்ற கணக்கு) தொட்டார்கள். ஆனால் அத்தகைய அடுக்குக்கு வோல்டேஜ் அதிகம் தேவை. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இன்னும் ஒற்றை இலக்கத்தில்தான்.

உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். அலுமினியத் தகட்டு பிசிபியில் (மின்சுற்றுப் பலகை) பொருத்தி, அதன் பின்புறம் தண்ணீர் ஓடும்படி அமைத்தால் சூடு இறங்கும். ஒளி தண்ணீருக்குள் போகும் ஜன்னல் குவார்ட்ஸாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி இந்த ஒளியை மொத்தமாகத் தடுத்துவிடும். தண்ணீர் ஓடும் அறையின் சுவர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் பெரும்பகுதி வீண். உட்புறம் டெஃப்லான் வையுங்கள். பாதரச விளக்கைப் போல் சூடேறக் காத்திருக்க வேண்டாம் என்பதால், தண்ணீர் ஓடும்போது மட்டும் எரியும்படி ஃப்ளோ சுவிட்ச் போடுங்கள்.

இனி, இடைத்தரகர்கள். '10 வாட் யுவிசி' (கிருமி கொல்லும் புற ஊதாவின் பெயர்) என்று விற்பது இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. டெண்டர் எழுதுகிறவர்களும் வாட்டை மட்டுமே கேட்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் அந்த வரி மாறுவதில்லை. எத்தனை மில்லிஆம்பியரில் எத்தனை மில்லிவாட் என்று டேட்டாஷீட்டில் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

இதைவிட மோசம், 395 நானோமீட்டர் ஊதா எல்இடியை யுவிசி என்று தள்ளிவிடுவது. ரூபாய் நோட்டு ஒளிர்வதைக் காட்டி நம்ப வைப்பார்கள். நோட்டு அதிலும் ஒளிரும்! நடுவே ஜன்னல் கண்ணாடித் துண்டை வைத்துப் பாருங்கள். ஒளிர்வு குறையாமல் நின்றால் அது கிருமியைக் கொல்லும் சரக்கு இல்லை. பாலிகார்பனேட் முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

'265 வாங்கு, கிருமிக்கு அதுதான் எமன்' என்றும் சொல்வார்கள். டிஎன்ஏ அந்த இடத்தில் கூடுதலாக உறிஞ்சுவது உண்மைதான். ஆனால் அலைநீளம் குறையக் குறைய படிகத்தில் அலுமினியம் கூடுகிறது, சிப் செய்வது கடினமாகிறது. அதே விலைக்கு மில்லிவாட்டும் குறையும், ஆயுளும் குறையும். கிருமி கொல்லும் வேகத்தை மில்லிவாட்டோடு பெருக்கிப் பார்த்தால் 275 பெரும்பாலும் முந்திவிடும். 265-க்கு மாறுவதென்றால் அதே விலையில் இரண்டின் மில்லிவாட்டையும், வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும் மணிநேரத்தையும் எழுத்தில் வாங்கி ஒப்பிட்ட பிறகு மாறுங்கள்.